சாருக்குப் போட்ட நாற்காலி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் லிஃப்டில் வைத்துச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"தாராளமா எழுதுங்க. ஆனா என்னை அழ வச்சீங்கன்னா, உங்க கடவாய்ப் பல்லுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

(கதைக்குள் வந்ததும் அவர் 'அவள்' ஆகிவிடுவார். மரியாதைக் குறைவு இல்லை, எழுத்து வழக்கம். அதற்கும் யாராவது சண்டைக்கு வாருங்கள், வரவேற்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் கண்கள் கலங்கியிருந்…' கலங்கவே இல்லை. அடித்தாயிற்று.

இரண்டாவது: 'விவாகரத்தான ஒரு பெண்ணின் தனிமை…' என்ன தனிமை? அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பூண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்! விவாகரத்து என்று எழுதினாலே பேனா கைக்குட்டையைத் தேடுகிறது. என்ன கண்றாவிப் பழக்கம் இது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்று காலை குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. வருடக்கணக்கில் இழுத்தடித்த வழக்கு ஒருவழியாக முடிந்தது. அவள் வீட்டாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இன்னைக்கு வெளிய சாப்பிடணும். நிஜமாவே வெளிய. தலைக்கு மேல வானம் தெரியணும்."

காரணம் இருக்கிறது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் கணவன் அவளைச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வைப்பான். "நாலு பேர் பாக்கற மாதிரி என்ன உக்காந்துக்கிட்டு?" என்பான். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவள், சுவரைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள்.

3

அண்ணன் தன் ஆபீசிலிருந்து போன் போட்டான். தெருவோரம் குடைகளுக்குக் கீழும் திறந்தவெளியிலும் மேசை போடுகிற இத்தாலிய உணவகம் அது.

"என்ன விசேஷம் சார்?" என்றாள் போனை எடுத்த பெண்.

பக்கத்து இருக்கைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சிக்கு… கல்யாண நாள்."

சும்மா சாப்பிட வருகிறோம் என்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் அவனை வில்லனாக்கி, மீசையெல்லாம் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். பல் டாக்டர் படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அடிச்சிடுங்க. ஒரு வாய்தா விடாம கோர்ட்டுக்கு என்கூட வந்தவன் அவன். எனக்கு முன்னாடி அவன்தான் வக்கீல்கிட்ட கத்துவான்."

அடித்துவிட்டேன். ஆனால் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. நீதிமன்ற வாசலில் வெயிலில் நின்ற மனுஷனுக்கு, போனில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே! அந்த வார்த்தையில் அப்படி என்னதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

4

போனது மூன்று பேர். மேசையில் நாலு நாற்காலி. நாலாவதில் சிவப்பு ரிப்பன் கட்டி, தட்டு வைத்து, மடித்த துணியின் மேல் ஒரு ரோஜாவும் வைத்திருந்தார்கள்.

"சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா மேடம்?" என்றார் பரிமாறுகிறவர்.

அண்ணி மெனு அட்டையைப் பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி உற்றுப் பார்த்தாள். அண்ணனோ, "வருவார், வருவார்" என்று சொல்லிவிட்டான். படுபாவி!

அவளுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். தெருவைப் பார்த்து உட்கார்ந்து, தக்காளிச் சாற்றில் புரட்டிய பாஸ்தாவை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டாள். காற்று அடித்தது. நன்றாக இருந்தது என்கிறாள்.

பிறகு கேக் வந்தது. மெழுகுவர்த்தி எரிய, சிப்பந்திகள் கைதட்டிப் பாடிக்கொண்டே வந்தார்கள். பக்கத்து மேசைகளும் சேர்ந்து தட்டின. ஒருவர் போனில் படம்கூடப் பிடித்தார்.

"இப்பவே வெட்டிடறீங்களா மேடம், இல்ல சார் வரட்டுமா?"

5

முடிவு அ: அவள் சிரித்துக்கொண்டே கேக்கை வெட்டினாள். நாகரிகமான முடிவு, யாருக்கும் சங்கடமில்லை. படித்துக் காட்டினேன். "இதுக்கா அத்தனை வருஷம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினேன்?" என்றாள்.

முடிவு ஆ: அவள் விருட்டென்று எழுந்து தெருவில் இறங்கி நட… "நான் ஏங்க எழுந்து போகணும்? நான் கேட்டு வாங்கின இடம் அது!"

சரி, நடந்ததையே எழுதுகிறேன். அண்ணன் குனிந்து கிசுகிசுத்தான்.

"வெட்டிடும்மா. நாலு பேர் பாக்கறாங்க."

அவள் கையிலிருந்த கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாக்கட்டும்ணா. அதுக்குத்தான வெளிய உக்காந்தேன்."

பிறகு பரிமாறுகிறவரிடம் திரும்பி, பக்கத்து மேசைகளுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அந்த நாற்காலிய எடுத்துடுங்க. சார் வரமாட்டார். காலைல எனக்கு விவாகரத்து கிடைச்சிருக்கு. அதுக்குத்தான் இந்த விருந்து."

கைதட்டல் நின்றுவிட்டது. எல்லார் கையும் பாதியில் நிற்கிறது. பரிமாறுகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன்தான் எழுந்தான். ரிப்பனை அவிழ்க்க வராமல் முடிச்சோடு மல்லாடினான், கடைசியில் அப்படியே நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்துப் போட்டான்.

6

அடுத்து என்ன நடந்தது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். எழுதமாட்டேன். அது என் வேலை இல்லை.

பக்கத்து மேசையில் இருந்தது நீங்கள்தான். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். கல்யாண நாள் என்றதும் அவள் யார், எவர், அந்த வீட்டில் என்ன பாடு பட்டாள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமலேயே தட்டினீர்கள் இல்லையா? இப்போது அவளே வாய் திறந்து சொல்லிவிட்டாள்.

அவள் கத்தியை மறுபடி எடுத்துவிட்டாள். கேக் வெட்டப் போகிறாள். உங்கள் கைகள் இன்னும் பாதியில்தான் நிற்கின்றன.