நாற்பத்தெட்டாம் வளைவுச் செங்காந்தள்

மணிவண்ணனுக்குப் பூ என்றால் இரண்டே வகைதான். ஒன்று கடையில் முழம் போட்டு விற்பது, இன்னொன்று லாரிச் சக்கரத்தில் அடிபடுவது. கொல்லிமலையில் பிறந்தவன் இப்படியும் இருப்பானா என்று கேட்காதீர்கள். சின்ன வயதிலேயே நாமக்கல் விடுதிக்குப் படிக்கப் போனவன், படிப்பு ஏறாமல் லாரி ஏறிவிட்டான். வடநாடெல்லாம் சுற்றிவிட்டு, இப்போது மலையிலிருந்து பலாவும் வாழையும் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறான். மலை அவனுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் செம்மேட்டு நாற்றுப் பண்ணையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, வேலியோரக் கொடி ஒன்றை நசுக்கிவிட்டான். உள்ளிருந்து மிளகு நாற்றும் கையுமாகக் கலைச்செல்வி ஓடிவந்தாள். தாவரவியல் படித்தவள், பண்ணையில் வேலை பார்க்கிறவள்.

"ஏனுங்க, கண்ணு என்ன பொடணியிலயா இருக்குது?"

"களைதானுங்களே..."

"களையா! செங்காந்தளுங்க அது. மொட்டு வெச்சிருந்துச்சு. நாளைக்கோ மறுநாளோ பூத்திருக்கும்!"

திட்டு வாங்கியவன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். இவனோ மறுநாள் மிளகு நாற்று வாங்க வந்து நின்றான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். நட இவனுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. கலைச்செல்விக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. அவன் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும், என்ன செய்வது?

ஆடி பிறந்ததும் அவன் நேராகவே கேட்டுவிட்டான். அவளும் நேராகவே சொன்னாள்.

"ஆவணி மொத முகூர்த்தத்துல ராசிபுரத்துல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வாராங்க. அதுக்குள்ள அப்பாகிட்ட நான் ஒரு பதில் சொல்லோணும். உங்களை எனக்குப் புடிக்குதுங்க. ஆனா எல்லாத்தையும் களைங்கிறவர்கூட எப்படிங்க காலம் பூரா நடக்கறது? நான் நின்னு பாக்கறது உங்க கண்ணுல படவே படாதே. ஆடி முடியறதுக்குள்ள நம்ம காட்டுப் பூவைக் கொஞ்சம் கத்துக்கிட்டு வாங்க."

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினான் மணிவண்ணன். போனில் ஒரு ஆப் இறக்கிப் பார்த்தான். அது சொன்ன பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த வழியையே பிடித்துக்கொண்டான். வளைவுக்கு வளைவு நெடுஞ்சாலைக்காரர்கள் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள் அல்லவா? மூன்றாம் வளைவு ஆவாரம்பூ. இருபதாம் வளைவு சங்குப்பூ. முப்பத்தைந்து, தும்பை. நாற்பத்தெட்டு, செங்காந்தள். அறுபதுக்கு மேலே, பாறை ஈரத்தில் காசித்தும்பை. பலகையைப் பார்த்தால் பெயர் தானாக வந்து விழுந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து, வண்டி ஓட்டிக்கொண்டே தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டான்.

சோதனை நாளும் வந்தது. மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் தன் ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கலைச்செல்வி கூட்டிப்போனாள். துணைக்கு அவள் அப்பா அர்த்தனாரி, தோளில் கொடுவாளோடு முன்னால் நடந்தார். இரண்டு பக்கமும் பூவாய்ச் சொரிந்து கிடந்தது.

ஓரிடத்தில் கலைச்செல்வி நின்றாள். ரோஜா நிறத்தில், தண்டெல்லாம் நீர் கோத்து ஒரு செடி.

"இது என்னங்க?"

மணிவண்ணன் செடியைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். வியர்த்துவிட்டது.

"இது... எத்தனாவது வளைவுங்க?"

அர்த்தனாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏஞ்சாமி, மாடு மேயற தடத்துல வளைவுக்கு எங்க போறது?"

கலைச்செல்வியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது. "காசித்தும்பைங்க. நீங்க பலகையைப் படிச்சிருக்கீங்க, செடியைப் பாக்கலை" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவனுக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

பட்ட காலிலே இன்னொரு அடியும் விழுந்தது. மலைமேல் நடக்கிற ஓரி விழாவுக்குக் கூட்டம் வரும் என்று, நெடுஞ்சாலைக்காரர்கள் சாலையோரத்தை மேலிருந்து அடிவாரம் வரை வழித்துத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் லோடு இறக்கப் போனவன் வளைவு வளைவாக வெறும் மண்ணைத்தான் பார்த்தான். பலகைகள் பளபளவென்று நின்றன. முப்பத்தைந்தில் தும்பை இல்லை. நாற்பத்தெட்டில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். வெட்டிப்போட்ட கொடிகள் குவிந்து வாடிக் கிடந்தன. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்காகவா, அந்தக் கொடிக்காகவா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

குனிந்து ஒரு கொடியை எடுத்தான். இலையின் நுனி சன்னமாக நீண்டு, எதையோ பற்றிக்கொள்ளப் போவது மாதிரி சுருண்டிருந்தது. அட, இதுவா? இத்தனை நாள் பூவைப் பார்த்தேனே, இந்த இலையை எங்கே விட்டேன்? பக்கத்தில் கிடந்ததை எடுத்தான். தண்டைத் திருப்பிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். அன்றைக்குப் பலாப்பழம் சந்தைக்கு நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. வியாபாரி கத்தினார். அதற்கப்புறம் ஒவ்வொரு நடையிலும் எங்காவது இறங்கிவிடுவான். கலைச்செல்வியிடம் மட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவான்?

ஆடி முடிகிற நேரம். காலையில் செம்மேட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவனிடம் அர்த்தனாரி வந்தார். பின்னால் கலைச்செல்வி.

"பஸ்ஸை உட்டுட்டோம் சாமி. அடிவாரம் வரைக்கும் ஏத்திக்கோ. நாளன்னைக்கு ராசிபுரத்துக்காரங்க வாராங்க. பலகாரம், இனிப்பெல்லாம் வாங்கோணும்."

அவளை இன்னொருவன் பார்க்க வர, அதற்கு இனிப்பு வாங்க இவன் வண்டி! மணிவண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். அர்த்தனாரி நடுவில் உட்கார்ந்தார். வண்டிக்குள் பலாப்பழ வாசம்தான் நிறைந்திருந்தது.

நாற்பத்தெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதும் கீழிருந்து பஸ் வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இடப்பக்கம் ஓரத்தில் லாரி ஒதுங்கத் தாராளமாக இடம் இருந்தது. மணிவண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்தான். சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

"ஒதுங்கப்பா!" பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"முடியாதுங்க. நான் பின்னால போறேன்."

"லோடு வண்டியை மேட்டுலயா பின்னால எடுப்பே? கிறுக்கா உனக்கு? இந்தா கிடக்குது எடம், பொட்டல் மாதிரி!"

மணிவண்ணன் ரிவர்ஸ் கியரைப் போட்டான். இன்ஜின் உறும, அங்குலம் அங்குலமாக மேட்டில் பின்னால் ஏற்றினான். பழம் உருண்டது, அர்த்தனாரி டேஷ்போர்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வளைவு வரை போய் ஒதுங்கியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் டிரைவர் போகும்போதும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போனார்.

"ஏஞ்சாமி, அங்க என்ன இருந்துச்சு?" என்றார் அர்த்தனாரி.

"செங்காந்தளுங்க. இப்பத்தான் மறுபடி தலை தூக்குது."

கலைச்செல்வி கதவைத் திறந்து இறங்கி, கீழே நடந்து போனாள். வழித்த மண்ணில் பூ ஒன்றும் இல்லை, மொட்டும் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பச்சைத் தண்டு ஒன்று, நாலைந்து இலை. அவ்வளவுதான். குனிந்து, சுருண்ட இலை நுனியை விரலால் தொட்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பலகை, மேலே வளைவில் எங்கோ இருந்தது.

திரும்பி வந்து ஏறியவளின் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, ராசிபுரத்துக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

அர்த்தனாரி மகளைப் பார்த்தார், மணிவண்ணனைப் பார்த்தார். "அப்ப, வண்டியைத் திருப்பச் சொல்லீறட்டுமா? இனிப்பு வேண்டாமில்ல?"

"இனிப்பு வாங்கோணுமுங்கப்பா" என்றாள் கலைச்செல்வி.