நாலாவது கியர்

போகிக்கு முதல் நாள் ஊருக்கு வந்து இறங்கிய இளஞ்செழியன், காணும் பொங்கல் வருவதற்குள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எல்லாருக்கும் விளக்கி முடித்திருந்தான். குக்கர் எதனால் விசில் அடிக்கிறது, தை மாதக் காலையில் கிணற்றுத் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாகத் தெரிகிறது, கரும்பு ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏன் முன்சக்கரத்தைத் தூக்குகிறது. ஒரகடத்தில், கார் பிரேக்குகளைச் சோதித்துப் பார்க்கிற கூடத்தில் அவனுக்குப் பதினோரு வருட வேலை. கைக்குக் கிடைத்ததைக் கழற்றிப் பார்க்காமல் விட்டதில்லை. பார்த்ததை யாரிடமாவது சொல்லாமலும் விட்டதில்லை.

"ஒரு டீ குடுத்தா, அது எப்படி கொதிச்சுதுன்னு பாடம் எடுக்கறாரு. பொண்ணு பாக்கப் போனாலும் இப்படித்தான் பேசுவாரு போல. ஆறிப் போவுது, குடிங்க தம்பி" என்றாள் அண்ணி ஆண்டாள்.

அவள் மகள் அபிநயா ஒன்பதாவது படிக்கிறாள். சித்தப்பா வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் வந்து குந்திக்கொள்வாள்.

ஊரே நைனார்பாளையத்துக்குத் திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது அந்த வாரம். காலையில் கிணற்றில் குதியல், மாலையில் வாலிபால். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்ததில், மாட்டைவிட அண்ணன் தமிழரசனின் வேட்டிதான் பளபளத்தது. சனிக்கிழமை, காணும் பொங்கல். கல்வராயன் மலையில் பெரியார் அருவிக்குப் போவதென்று முடிவாயிற்று. வேன், காஜா மைதீனுடையது.

காஜா, இளஞ்செழியனோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஊரிலிருந்து சின்னசேலம் பள்ளிக்கு அபிநயாவோடு சேர்த்துப் பதினாலு பிள்ளைகளைத் தினமும் ஏற்றிப்போய்க் கொண்டுவருவது அவன் வேன்தான். சக்கரத்தில் மண் ஒட்டியிருந்தால்கூடத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை வேனுக்குள் ஒரே பாட்டு. அருவியில் தமிழரசன் பாசியில் வழுக்கி, குழந்தை மாதிரி உட்கார்ந்தவாக்கிலேயே சறுக்கி வந்தார். காஜாவின் மனைவி ஜீனத்துன்னிசா கொடுத்தனுப்பிய பிரியாணி அண்டா, பாறைமேல் வைத்த அரை மணியில் காலி.

இறங்கும்போது இளஞ்செழியன் சாவிக்குக் கை நீட்டினான்.

"செகண்டுலயே வாடா. மலை எறக்கம்" என்றான் காஜா.

"யாருக்குடா சொல்ற? பிரேக்குக்கே வைத்தியம் பாக்கறவன் நான். நீ போய்த் தூங்கு."

காஜா கடைசி சீட்டில் படுத்தான். முன்சீட்டில் அபிநயா. அவளுக்கு பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டே இளஞ்செழியன் ஓட்டினான். பேச்சு சுவாரசியத்தில் கியர் நாலாவதிலேயே நின்றுவிட்டது.

இறக்கத்தில் அது என்ன செய்யும் என்பது அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நாலாவதில் அந்தப் பிடி தளர்ந்து, மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழும். ஆறு கிலோமீட்டர் விடாமல் அழுத்தினால் பிரேக் கட்டை பழுத்து, அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் வரும். ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது, காலின் விசையை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். குமிழோ சுருங்கிவிடும். அப்போது பெடல் பஞ்சில் மிதித்ததுபோல் உள்ளே போகும்.

ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சாயிற்று.

இரண்டாவது கியருக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் முன்சக்கரத்தை இறக்கினான். வேன் குலுங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. நாலு சக்கரத்திலும் புகை. எதிர்ப்பக்கம், பள்ளத்தில் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

இறங்கியதும் தமிழரசன் காஜாவைத்தான் பிடித்தார். "இன்னாடா வண்டி வச்சிக்கினு இருக்கற? புள்ளைங்கள ஏத்திக்கினு போற வண்டியா இது?"

காஜா தூக்கக் கலக்கத்தோடு இளஞ்செழியனைப் பார்த்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். விளக்குகிறவன் அவன்தானே.

"பிரேக் ஆயில் பழசாயிருக்கும்ணே. அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். ஈரம் சேந்தா சீக்கிரம் கொதிச்சுரும்."

அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதனால்தான் அது அவ்வளவு நல்ல பொய்யாக இருந்தது.

"தீபாவளிக்கு அப்புறந்தானடா மாத்தனேன்" என்றான் காஜா. பிறகு அவனே யோசித்துக் குரலை இறக்கினான். "பாதி டப்பா ஷெட்டுல கெடந்துச்சு. அத ஊத்தனேன். மூடி சரியா இல்லயோ இன்னாவோ."

"அதான்" என்றான் இளஞ்செழியன்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி கெட்டியானது. இரண்டாவது கியரிலேயே காஜா ஓட்டிவந்து சேர்த்தான். வழியில் யாரும் பாடவில்லை. "அபி இனிமே அந்த வேன்ல போவ வேணாம்" என்று தமிழரசன் வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டார். ஆண்டாள் அதைப் பள்ளிக்கூடத்து அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். திங்கட்கிழமை பிள்ளையைத் தாங்களே பைக்கில் கொண்டுபோய் விடுவதாக இரவுக்குள் மூன்று வீடுகள் சொல்லின. விடிந்தபோது அது ஏழு வீடாகியிருந்தது.

இளஞ்செழியன் அந்த எண்ணிக்கை ஏறுவதை அண்ணியின் போனில் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. பிரேக் கூடத்தில் வேலை செய்கிறவன், பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே பிரேக்கை எரித்தான். இதை எந்த முகத்தோடு சொல்வது? ஆண்டாள் வைத்த டீயை ஒன்றும் பேசாமல் குடித்தான். அவளே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு காஜா புது ஆயில் டப்பாவும் ஸ்பேனருமாக வேனோடு வந்து நின்றான். "பழச மொத்தமா எறக்கிருவோம்டா. நீ பக்கத்துல இருந்தா எனக்கு தைரியம்."

அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவன் சக்கரத்தருகே சின்னத் திருகைத் திறப்பான். பழைய ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். திருகை மூடும்வரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும்.

"மிதி. புடி" என்றான் காஜா, வேனுக்கடியிலிருந்து. வெளியே அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. ஆயில் தேன்நிறத்தில், தெளிவாக இறங்கியது. அபிநயா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தானடா இருக்குது?" என்றது காஜாவின் குரல். உடனே, "ஆமா, ஈரம் கண்ணுக்குத் தெரியாதுல்ல. நீதான சொன்ன."

அபிநயாவுக்கு ஒரு சந்தேகம். "சித்தப்பா, நீங்க எந்த கியர்ல எறங்கனீங்க?"

அவள் குரலில் குற்றம் எதுவுமில்லை. கணக்கில் ஒரு எண் குறைகிறது, அவ்வளவுதான்.

இளஞ்செழியனின் கால் தரைவரை அழுந்தியிருந்தது. கீழே திருகு திறந்திருந்தது. எழுந்து போக வழியில்லை.

"நாலாவதுல."

"ஆறு கிலோமீட்டருமா? அப்ப ஆயில் பழசுன்னது?"

"இல்ல. ஆயில் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் எரிச்சிட்டேன். காஜா, தப்பு என்னோடது."

காலை எடுக்கச் சொல்லும் 'விடு' வேனுக்கடியிலிருந்து வரவில்லை. இளஞ்செழியன் காலை எடுக்கவில்லை. அபிநயா பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

நெடுநேரம் கழித்துத் திருகு இறுகும் சத்தம் கேட்டது. "விடு."

மற்ற மூன்று சக்கரங்களுக்கும் வேலை அப்படியே நடந்தது. மிதி, புடி, விடு. இந்த மூன்றைத் தவிர ஒரு பேச்சில்லை. முடிந்ததும் காஜா வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தான்.

"பதினாலு புள்ளைங்கள கொன்னுருப்பேனேன்னு நேத்து ராத்திரி வூட்டுல சோறு எறங்கல எனக்கு. ஜீனத்துதான் ஒக்காந்து சமாதானம் சொல்லிக்கினு இருந்துச்சு." துணியை மடித்தான். "உங்கண்ணங்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

தமிழரசன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, சூடு ஏறனா ஆயில் கொதிக்கும்ல..." என்று இளஞ்செழியன் ஆரம்பித்தான்.

"பாடம் வேணாம். சொல்ல வந்தத சொல்லு."

சொன்னான். தமிழரசன் வாளியைக் கீழே வைத்தார். "அவன நடு ரோட்டுல நிக்க வச்சி பேசிட்டனேடா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இளஞ்செழியனுக்கு.

ஆண்டாள் குழுவில் எழுதினாள். பாதிப் பேர் நம்பவில்லை, சிநேகிதனைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றார்கள். அதனால் திங்கட்கிழமை காலை வேன் நின்ற ஒவ்வொரு வாசலிலும் இளஞ்செழியனே இறங்கி நின்றான். "நாலாவது கியர்ல மலை எறக்கனது நான்தாங்க. வண்டில கோளாறு இல்லீங்க." எப்படி, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான். பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். இரண்டு வீட்டுக் கதவு திறக்கவேயில்லை.

காலையில் வீட்டு வாசலில் வேன் ஏறும்போது, அவன் பழக்கத்தில் முன்கதவைத் திறக்கப்போனான்.

"பின்னாடி ஏறு" என்றான் காஜா.

கடைசி சீட்டில், புத்தகப் பைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனான். அபிநயா முன்னால் ஜன்னலோரம், திரும்பாமல் இருந்தாள். சின்னசேலம் மேம்பாலத்து இறக்கத்தில் காஜா, தேவையே இல்லாமல், கியரை இரண்டாவதுக்குக் குறைத்தான். இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்தது. இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான்.