வாசலில் ஒரு பதாகை

படபடவென்று பட்டாசு வெடித்தது. ஐந்தாம் வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. ஜயதிஸ்ஸ சேர் சுண்ணக்கட்டியை வீசிவிட்டு வெளியே விரைந்தார்.

பள்ளி வாசலில் ஓட்டோ. அதிலிருந்து குதித்த சந்திரலதா நீளமான பதாகையை விரித்தாள். அதிலிருந்த படத்தில் அவள் மகள் இமேஷா பெரிதாகச் சிரித்தாள்.

"புலமைப்பரிசில் பரீட்சை பாஸ், சேர்! வகுப்புலேயே என் பிள்ளை மட்டும்தான். இதை இங்க கட்டப் போறோம்."

"ரொம்ப சந்தோஷம். உங்க வீட்டு வாசல்ல கட்டுங்க. இங்க வேணாம்."

"ஏனாம்? எல்லாப் பள்ளியிலும் தொங்குதே!"

ஜயதிஸ்ஸ ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள். தினுக மட்டும் பெஞ்சில் தலையைப் புதைத்திருந்தான். காலையில் முடிவு வந்ததிலிருந்து அவன் நிமிரவே இல்லை. சேரின் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகின.

"தினமும் தினுக இதைத் தாண்டித்தானே உள்ள வரணும்?"

"அதுக்கு நான் என்ன செய்ய? பரீட்சை வருஷத்துல வயலுக்குக் கூட்டிப் போய்க் கொக்கு காட்டினது நீங்க. டியூஷன் வேணாம்னதும் நீங்க. நாங்க ஒளிச்சு ஒளிச்சு அனுப்பினதால இவளாவது தப்பிச்சா!"

"கொக்கைப் பார்த்து அவன் எழுதினதைப் படிச்சுப் பாருங்க. அதுக்கு மார்க் போட எனக்கே தெரியல."

"கதை வேணாம், சேர். கட்ட விடலைன்னா நாளைக்கே வலயக் கல்விக் காரியாலயத்துல மனு. உங்களுக்கு இடமாற்றம்தான்!"

ஜயதிஸ்ஸ வாசலுக்கும் வகுப்புக்குமாக நாலு நடை நடந்தார். பிறகு கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

சந்திரலதா ஓட்டோ ஓட்டி வந்தவனைப் பார்த்துக் கத்தினாள். "பியசேன அண்ணா! கயித்தோட வாங்க. இவர்கூடப் பிறந்த நீங்களே கட்டினா இவர் எப்படித் தடுப்பார்னு பார்ப்போம்."

பியசேன இறங்கி வந்தான். சேரும் அவனும் இரட்டையர். முகம் ஒன்று, சேருக்குக் கழுத்தில் டை, அவனுக்குத் தோளில் எண்ணெய்த் துணி. ஒரே ஊரில் இருந்தும் இருவரும் பேசிக்கொள்வது அபூர்வம்.

வந்தவன் தம்பியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"என்ன நிக்கிறீங்க? ஏறுங்க அண்ணா!"

"என்னால முடியாது, தங்கச்சி. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் அந்தப் பரீட்சை எழுதினோம். பாஸான தம்பி பேரை எழுதின துணிய, இதே வாசல்ல ஏறிக் கட்டுடான்னு அப்பா கயித்தை என் கையிலதான் குடுத்தாரு."