ஆறு வாரத்துக்கு ஒரு அட்டவணை

தீயணைப்பு நிலையத்தில் அவரைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்த பழைய அதிகாரி ஓய்வுபெற்றுப் போய்விட்டார், பேர் போகவில்லை. பதினாலு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி காலையில் வீட்டுக் கொல்லையில் அவர் பயிற்சி செய்து வந்தார். நாற்பது நொடி உயிரைக் கொடுத்து வேலை, இருபது நொடி மூச்சு. தண்டால், கயிறு தாண்டல், மணல் மூட்டையைத் தூக்கி வைத்தல், பெட்டி மேல் ஏறி இறங்குதல், டயரைச் சம்மட்டியால் அடித்தல், தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலுக்கும் கதவுக்கும் ஓட்டம். ஆறும் முடிந்தால் ஒரு சுற்று. அப்படி நாலு சுற்று. அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதை எவனும் ஒரு மாதம் செய்வான். பதினாலு வருஷம் செய்வதற்கு வேறு புத்தி வேண்டும். அது அவருக்கு இருந்தது. இன்னும் ரெண்டு எடுக்கலாம் என்று தோன்றும்போதே மூட்டையைக் கீழே வைத்துவிடுவார். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் பாதியாகக் குறைப்பார். காய்ச்சல் என்றால் தொடமாட்டார். எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். ஏழு கட்டத்தில் நாலில் 'ஓய்வு' என்று எழுதியிருக்கும். நாற்பத்தாறு வயதில் முழு உடுப்போடு எட்டு மாடி ஏறி, மேலே போய் மூச்சு வாங்காமல் பேசக்கூடிய ஆள் அந்த நிலையத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவியின் தம்பி அதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். நல்ல உயரம், நல்ல தோள், வாய் மட்டும் நீளம். அக்கா வளர்த்த பிள்ளை. அம்மா போன பிறகு தலை வாரிவிட்டதும் சோறு ஊட்டியதும் அக்காதான். அந்தச் செல்லம் அவன் பேச்சில் தெரியும்.

ஒருநாள் ஏணிப் பயிற்சியில் பாதி உயரத்தில் அவரைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தவன், கீழே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "மாமா, கொஞ்சம் ஓரம் ஒதுங்குங்க, வண்டி வருது!" என்று கத்தினான். நிலையமே சிரித்தது. அவரும் சிரித்து வைத்தார். மறுநாளிலிருந்து அவர் எங்கே நின்றாலும் யாராவது ஒருவன் ஹாரன் அடிக்கிற மாதிரி வாயால் சத்தம் போட்டான்.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வீட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனன் எழுந்து நின்று, இல்லாத மூட்டையைத் தூக்கி, இல்லாத கடிகாரத்தைப் பார்த்து, "போதும் போதும், உடம்பு தேய்ஞ்சிடும்" என்று அவர் குரலிலேயே சொல்லி, இடுப்பில் கை வைத்து இருபது நொடி மூச்சு வாங்கிக் காட்டினான். முகத்தைக்கூட அவரைப் போலவே வைத்துக்கொண்டான். அவர் மகள் தண்ணீர் புரையேறச் சிரித்தாள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போனவர் குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றார்.

இரண்டு மாதம் கழித்து மீட்புக் குழுவுக்கு ஆள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதில் சேருவதென்றால் சும்மா இல்லை. ஆறு நிலைச் சுற்றை ஐந்து தடவை நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் மைத்துனன் தனியாக வந்தான். கேலி எல்லாம் எங்கோ போயிருந்தது.

"மாமா, ஆறு வாரம்தான் இருக்கு. எனக்கு மூணாவது சுத்துலயே கால் கழண்டுக்குது. உங்களை விட்டா இது யாருக்குத் தெரியும்? ஒரு அட்டவணை போட்டுக் குடுங்க. நீங்க என்ன எழுதுறீங்களோ அதை அப்படியே செய்றேன்."

"அப்படியே செய்வியா?"

"ஒரு புள்ளி மாத்தமாட்டேன்."

கடிகாரம் தாளை எடுத்துக் கட்டம் போட்டார். வாரத்துக்கு ஏழு கட்டம், ஆறு வாரம். நாற்பத்திரண்டு கட்டத்திலும் பயிற்சி எழுதினார். மூன்றாம் வாரத்திலிருந்து காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. மூச்சு வாங்கும் நேரத்தை இருபது நொடியிலிருந்து பத்தாகக் குறைத்தார். கீழே, 'வலித்தால் நிறுத்தாதே' என்று எழுதிக் கோடு போட்டார். பையன் நாலு நாள் படுக்கட்டும், தேர்வில் கவிழட்டும், வாய் அடங்கட்டும், அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம்.

மைத்துனன் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றாம் வாரம் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நாலாம் வாரம் சட்டைப் பொத்தான் போட விரல் மடங்கவில்லை. "மாமா, உங்க அட்டவணை ஆளைப் பிழியுது. இப்படித்தான் இருக்கணும் இல்ல?" என்று பெருமையோடு கேட்டான். "இப்படித்தான்" என்றார் அவர். ஐந்தாம் வாரம் அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அக்கா கவலைப்பட்டாள். "என்னங்க, இவன் இப்படி இளைக்கிறானே?" "போட்டின்னா அப்படித்தான்" என்றார்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது நிலையத்துக் கழிப்பறை வாசலில் மைத்துனன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, சொல்லக் கூச்சமா இருக்கு. மூத்திரம் டிகாஷன் மாதிரி கறுப்பாப் போகுது. தொடை கல்லு மாதிரி வீங்கியிருக்கு."

கடிகாரத்துக்கு அது என்னவென்று தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவர் வந்து நிலையத்தில் வகுப்பு எடுப்பார். அளவுக்கு மீறினால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கும், மூத்திரம் கறுக்கும், கறுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். மைத்துனன் சேர்ந்த பிறகு அந்த வகுப்பு இன்னும் நடக்கவில்லை.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பயந்த முகம். அவரை முழுசாக நம்பிய முகம்.

"வெயில் சூடு. தண்ணி நிறையக் குடி" என்றார்.

தேர்வு நாளன்று இரண்டாவது சுற்றில், மணல் மூட்டையைத் தோளில் வைத்தவன் அப்படியே முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். மூட்டை அவன் மேலேயே சரிந்தது. முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள், விளையாடுகிறான் என்று நினைத்து.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் இரண்டும் அடைத்துக்கொண்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைத்தான், சிறுநீரகம் பாதிதான் மீண்டது. இனிமேல் வண்டியில் ஏறித் தீயணைக்கப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தகவல் அறையில் நாற்காலி போட்டு, தொலைபேசி எடுக்கிற வேலை கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்தபடியே அவன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சரியாத்தான் குடுத்தீங்க மாமா. எனக்குத்தான் வக்கில்லை" என்று அழுதான். அவர் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், அழுத்திப் பிடிக்கவும் முடியாமல் நின்றார்.

அவர் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். தம்பியின் அறையைப் பெருக்கப் போனவள், கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். கணவர் கையெழுத்து. மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதுதான் அவள் கண்ணில் முதலில் படும். அதுதானே அவள் தொழில். பதினாலு வருஷமாக அடுக்களைச் சுவரில் தினமும் பார்த்த ஒரு சொல் இந்தத் தாளில் ஒரு இடத்திலும் இல்லை.

அவள் தாளைக் கிழிக்காமல் உரித்து எடுத்து வந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள்.

"இதுல ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கு" என்றாள்.

அவர் தாளைப் பார்த்தார்.

"மறதியா?"

"இல்லை."

"அவன் மூத்திரம் கறுப்பாப் போகுதுன்னு உங்ககிட்ட சொன்னானாமே? தண்ணி குடிக்கச் சொன்னீங்களாமே?"

"ஆமா."

"ஏன்?"

அவர் தாளைத் தள்ளி வைத்தார். "அன்னிக்கு நீயும் சிரிச்ச."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சிரிச்சேன். அதுக்கு என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாமே. என் பிள்ளையை எதுக்குத் தொட்டீங்க?"

"நான் அவன்கிட்ட சொல்லிடறேன்."

"வாயத் திறக்கக் கூடாது. சொன்னா உங்களுக்கு நிம்மதி ஆயிடும். அவனுக்கு என்ன இருக்கு? மாமான்னு ஒரு ஆள் இருக்கான்னு நம்பிக்கிட்டு இருக்கான், அதுவும் போயிடும்." அவள் குரல் உயரவே இல்லை. "அவன் உடம்பு தேற மெதுமெதுவா பயிற்சி வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்கதான் குடுக்கப் போறீங்க. வாரத்துக்கு மூணு நாள். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. நான் பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருப்பேன்."

அப்படியே நடந்தது. முதல் மாதம் பத்து நொடி நடை, ஐம்பது நொடி ஓய்வு. அரைச் சாண் உயரப் பலகையில் ஏறி இறங்க அவனுக்கு உதடு வெளுத்தது. ஆறு மாதத்தில் மூட்டை வந்தது, அரை மூட்டை. ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஒரு நொடி, இரண்டு நொடி ஏற்றினார். அக்கா கொல்லைக் கதவருகே ஸ்டூல் போட்டு, அச்சுத் தாள்களை மடியில் வைத்துத் திருத்தியபடி உட்கார்ந்திருப்பாள். அவர் "நிறுத்து" என்று சொல்லத் தாமதித்தால் அவள் பேனா நின்றுவிடும். அவருக்கு அது முதுகிலேயே தெரியும்.

மூன்று வருஷம். மைத்துனன் நாற்பது நொடி, இருபது நொடி என்று மூன்று சுற்று செய்கிற அளவுக்கு வந்துவிட்டான். பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க மாமா இல்லேன்னா நான் இல்லை" என்றான். தகவல் அறைக்கு வருகிற புதியவர்களிடமும் அதே பல்லவி. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் கடிகாரம் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்தார். ராட்சசியே, இது போதாதா என்று மனைவியை மனசுக்குள் திட்டினார்.

ஒரு புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருந்தாள். மூன்றாவது சுற்று முடிந்து மைத்துனன் வியர்வையோடு வந்து அவரைக் கட்டிக்கொண்டான். "சாமி மாமா நீங்க" என்றான்.

அவர் அவனை விலக்கி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். ஏணி, சாப்பாடு, கட்டங்கள், மருத்துவர் வகுப்பு, கழிப்பறை வாசல். ஒன்றையும் குறைக்கவில்லை.

மைத்துனன் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"முதல்லேர்ந்தே தெரியும்."

அதுதான் அவனைச் சாய்த்தது. அவர் செய்ததைவிட அதுதான். துண்டை மதில் மேல் போட்டான், அதை எடுக்காமலேயே போனான்.

மனைவி காய்ச்சலோடு எழுந்து வந்து வெறும் கொல்லையைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?"

"தாங்க முடியலை."

"மறுபடியும் உங்களுக்காகத்தான் செஞ்சீங்க" என்றாள். "ரெண்டாவது தடவையும் அவனைப் பலி குடுத்துத்தான் செஞ்சீங்க. இந்தத் தடவை என்னையும் சேர்த்து."

மைத்துனன் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். எட்டு மாதம் அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை. ஒன்பதாவது மாதம் எடுத்தான். அவள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலம் திரும்பினாள்.

"எப்படி இருக்கான்?" என்று கேட்டார் கடிகாரம். அவருக்கு இப்போது ஐம்பது.

"நல்லா இருக்கான். மூணு நாள் பயிற்சி விடாம செய்றான். ரத்தமெல்லாம் சுத்தமா இருக்குதாம். அங்க நாலு பேருக்குச் சொல்லியும் குடுக்கிறான்."

அவர் முகம் மலர்ந்தது. "என்னைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான். மாமா உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டான்."

"என்ன சொன்ன?"

"இன்னும் எட்டு மாடி ஏறுறாரு, ஒரு குறையும் இல்லைன்னு சொன்னேன்." அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "முகம் சுருங்கிப் போச்சு அவனுக்கு. பாவம், வேற ஏதாவது சொல்வேன்னு எதிர்பார்த்திருப்பான் போலிருக்கு."