பல் டாக்டரம்மாவின் குரல்

தூய ஆவியார் இறங்கி வருகிற பெந்தெகொஸ்தே நாளில், அந்தப் பங்குக் கோயிலில் முதலில் இறங்குவது ஸ்பீக்கர் பெட்டிகள்தான். விடிந்தும் விடியாததுமாக வேன் வந்து நிற்கும். பெட்டி இறங்கும், வயர் இறங்கும், கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மைக்செட்காரர் இறங்குவார். ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று அந்தக் கோயிலை எத்தனையோ வருடமாகத் துயிலெழுப்புகிறவர் என்பதால் ஊர் அவருக்கு ஹலோ என்றே பெயர் வைத்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அன்றைக்கு ஒருநாள் கூப்பிட்டதோடு சரி.

ஹலோவின் இடம் கடைசித் தூணை ஒட்டிய மேசை. அங்கிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். பக்தியைப் பின்பக்கமிருந்தே பார்க்கிறவனுக்கு மரியாதை வருவது கஷ்டம். நடுப்பூசையில் செல்போனைத் தடவும் பங்குப் பேரவைத் துணைத்தலைவர், பிரசங்கம் தொடங்கியதும் கழுத்து சாயும் உபதேசியார், சமாதானம் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரியை மட்டும் தாண்டிக் கைகுவிக்கும் அம்மாள் எல்லாரையும் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொள்வார். அவர் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு காதில் பிரசங்கம் ஓடும், மறு காதில் ஹெட்போன் வழியாகப் பழைய சினிமாப் பாட்டு ஓடும்.

அவர் இளக்காரத்தின் சிகரம் தொடர்பாடல். பெந்தெகொஸ்தே அன்று இரண்டாம் வாசகம் முடிந்ததும் தூய ஆவியாரை அழைத்துப் பாடும் நீளமான பாட்டு. அந்தப் பங்கில் அதை ஒருவர் தனியாகப் பாடுவது வழக்கம். யார் பாடுவது என்று முடிவு செய்வதில் முன்பெல்லாம் பேரவை இரண்டாகப் பிளக்கும். நாலு வருடத்துக்கு முன்பு முதல்முறையாகப் பிளக்காமல் பல் டாக்டரம்மாவுக்குக் கொடுத்தது. குரலுக்காக இல்லை. கோயில் கூரையை மாற்றிக் கொடுத்தவர் அவர். பேரவையில் பாதிப் பேருக்குப் பல் கட்டியவரும் அவர். அவர் கட்டிவிட்ட பல்லை வைத்துக்கொண்டு அவருக்குப் பாட வராது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அந்த முதல் வருடம் டாக்டரம்மா வாயைத் திறந்தார். குரல் சுருதியை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக்குள் போய்விட்டது. கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மாவை அல்ல, ஹலோவை. பாட்டு நன்றாக இருந்தால் பாடியவரைப் பாராட்டுவார்கள். பாட்டு பாழாய்ப் போனால் மைக்செட்டைத் திட்டுவார்கள். தொழில் அப்படி.

ஹலோவுக்கு வியர்த்தது. டாக்டரம்மாவின் மைக்கைக் குறைத்தார். பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பாடகர் குழுவின் மைக்கை ஏற்றினார். அந்த மைக்குக்கு நேர் எதிரே நின்றது அவர் மனைவி. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. வரிசையாக மெஷின்கள் அலறுகிற இடத்தில் பேசிப் பழகிய தொண்டை. மெல்லப் பாடு என்றால் அவளுக்குப் புரியாது. பாடினால் முழுசாகப் பாடுவாள், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வாள். இரண்டாவது வரியிலிருந்து கோயில் சுவரெல்லாம் அவள் குரல் வழிந்தது. முன்னால் டாக்டரம்மாவின் உதடு அசைந்தது. ஜனங்களுக்கு அது போதும்.

“டாக்டர், அப்படியே சிலிர்த்துப் போச்சு!” என்றார் துணைத்தலைவர். டாக்டரம்மா பாடிய பாட்டு செல்போன் செல்போனாகச் சுற்றியது. அடுத்த வருடமும் அவரே, அதற்கடுத்த வருடமும் அவரே. ஹலோ ஒவ்வொரு வருடமும் ஒன்றைக் குறைத்தார், ஒன்றை ஏற்றினார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அன்றைக்கே டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவாள். அவ்வளவு வெள்ளை மனசு அவளுக்கு, அவ்வளவு நீள நாக்கும்.

இந்த வருடம் ஆயர் வருகிறார் என்றதும் பாடகர் குழுத் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கே மாஸ்டர். பாட்டு நடத்தும்போதும் வலப்பக்கம் திரும்பு, நில், போ என்றுதான் கை காட்டுவார். பெருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பயிற்சி முடிந்து ஹலோவின் மனைவி வீட்டுக்கு வந்தபோது, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வழக்கமான ஆணியில் மாட்டாமல் கட்டிலில் எறிந்தாள்.

“என்னாச்சு?”

“எனக்கு ரெஸ்ட் கொடுத்திருக்காங்க.”

“யாரு?”

“மாஸ்டர். ‘அக்கா, உங்க சத்தம் தனியாத் தெரியுது, ஆயர் வர்ற நேரத்துல ஒற்றுமை முக்கியம், இந்தப் பெருவிழாவுக்கு மட்டும் நீங்க ஜனங்களோட உட்காருங்க’ன்னாரு. அவர் சொன்னதுக்கு மத்தவங்களும் தலையாட்டுறாங்க. பதினெட்டு பேருக்கும் சிவப்பு மேலாடை நான் தெச்சுக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கிட்டே தலையாட்டுறாங்க.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“அவங்க என்னைக்குப் பயிற்சிக்கு வந்தாங்க? பேஷண்ட் வாயைத் திறந்துவெச்சுட்டு வர முடியுமா? இந்தத் தடவை பின்பாட்டும் கிடையாதாம். தனிக்குரல் தனியாவே வரணுமாம்.”

ஹலோவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு சந்தோஷமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் கொஞ்சம் அசிங்கம்.

“வரட்டும், வரட்டும். தனியாவே வரட்டும்.”

“என்ன, ஒரு மாதிரி சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லை. நீ சாப்பிடு.”

அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து கடையில் மெஷின் மிதிக்கும்போது பாடவில்லை என்று கூட வேலை செய்கிற பெண் வந்து ஹலோவிடம் புகார் சொன்னாள். “அண்ணா, அக்கா பாடாம எங்களுக்கு வேலை ஓட மாட்டேங்குது. கோயிலே இல்லாட்டி எனக்கு எதுக்குப் பாட்டுன்னு சொல்றாங்க. திரும்பச் சேர்த்துக்குவாங்களா, மாட்டாங்களா?”

சேர்க்க வைக்கிறேன் பார் என்று ஹலோ மனசுக்குள் மார்தட்டினார். தன் பெண்டாட்டி இல்லாமல் அந்தப் பாட்டு என்ன கதியாகும் என்று ஆயர் முன்னால் காட்டிவிட்டால், மாஸ்டர் தானாகவே கும்பிட்டுக்கொண்டு வருவார்.

பெருவிழா வந்தது. பீடம் சிவப்பு, சாமியார்கள் சிவப்பு, பேரவையின் கழுத்துத் துண்டுகள் சிவப்பு. கோயில் தீப்பற்றியதுபோல இருந்தது. மேலே எரிந்தாலும் உள்ளே ஈரவிறகுதான் என்று ஹலோ நினைத்துக்கொண்டார். முதல் வாசகத்தில் பார்த்தர், மேதியர் என்று நாட்டுக்காரர்களின் பட்டியல் வருகிற இடத்தில் துணைத்தலைவர் எல்லா வருடமும் போல வழுக்கி விழுந்து, இரண்டு நாடுகளைத் தாண்டிக் குதித்து, ஆமென் போடுகிற வேகத்தில் முடித்தார்.

இரண்டாம் வாசகம் முடிந்தது. டாக்டரம்மா எழுந்தார். நிமிர்ந்த நடை. மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்துக்கொண்டார். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. நாலு வருடமாக அதை ஹலோ அணைத்தே வைத்திருந்தார். இன்றைக்கு அதையும் திறந்து, டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். அவருடைய மைக்கை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றினார். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா பாடினார்.

குழந்தையைப் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் அழுத்திப் பிடித்தால் எழும்புகிற ஓசைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆயர் கண்ணை மூடினார், பக்தியால் அல்ல. கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இந்த முறையும் ஹலோவைத்தான்.

இதை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. நாலு வருடம் தேனாகக் கேட்ட குரலை யாராவது சந்தேகப்படுவார்களா? துணைத்தலைவர் ஓரமாக ஓடிவந்தார்.

“என்னய்யா ஹலோ, ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சா? ஆயர் முன்னாடி மானத்தை வாங்குறியே!”

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருந்தா டாக்டரம்மா குரல் ஏன் இப்படி வருது? அடுத்த விழாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம், இரு!”

மாஸ்டர் அங்கிருந்து பிரேக் பிடி, பிரேக் பிடி என்று கை காட்டினார். ஹலோ அதைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைத்தான் பார்த்தார். அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் குரலை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறார். ஒரு வரி கேட்டார், நம்பவில்லை. இன்னொரு வரி கேட்டார், நம்பினார். மூன்றாவது சரணத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

ஹலோ எதிர்பார்த்த இடம் இதுதான். இங்கே தனக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார். இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் கை குழுவின் மைக்குக்குப் போனது. ஏற்றி என்ன செய்வது? அங்கே அவள் இல்லை. தொழிலில் அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

அப்போது பெண்கள் பக்கம் ஐந்தாவது வரிசையிலிருந்து, விட்ட வரியை அவர் மனைவி எடுத்தாள். மைக் கிடையாது, எழுந்து நிற்கவும் இல்லை. பாரத்தோடு தடுமாறுகிறவளுக்கு எதிரே வந்தவள் ஒரு கை கொடுப்பாளே, அப்படி. ஒரு வரி பாடிவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள், ‘வா’ என்று. டாக்டரம்மா உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் குரலைப் பிடித்துக்கொண்டே வந்தார். சுருதி அங்கங்கே வழுக்கியது, ஆனால் விழவில்லை. அடுத்த சரணத்தில் பக்கத்து வரிசை சேர்ந்தது. அதற்கடுத்ததில் ஆண்கள் பக்கமும். ஹலோவே வாயசைப்பதை ஹலோ கண்டுபிடித்து அதிர்ந்தார்.

பூசை முடிந்து, பங்குத்தந்தை அறைக்கு வெளியே ஆயர் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, மாஸ்டர் அவர் காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தது ஹலோவின் காதிலும் அவர் மனைவியின் காதிலும் விழுந்தது.

“பீடத்திலேருந்து ஒரு குரல், மக்களிடமிருந்து பதில் குரல். நாந்தான் ஆயரே அப்படி அமைச்சேன்.”

“கண்ணீரோட நிறுத்தினது?”

“அதுவும் பயிற்சிதான் ஆயரே.”

ஆயர் மெச்சிக்கொண்டார். ஆவியானவர் இறங்கி வந்த வேலையையும் தன் கணக்கில் எழுதிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து ஹலோவுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மாஸ்டர் அதே சூட்டில் ஹலோவின் மனைவியிடம் வந்தார். “அக்கா, பிரமாதம். இனிமே எல்லா வருஷமும் நீங்க அந்த அஞ்சாவது வரிசையிலேயே உட்காந்துடுங்க.”

“செவ்வாய்க்கிழமை நான் பயிற்சிக்கு வர்றேன் மாஸ்டர். முன்வரிசையில என் இடத்தை விட்டு வைங்க. நீங்க பண்ணின ஏற்பாட்டை நானே ஆயர்கிட்ட விளக்கிச் சொல்லட்டுமா?”

மாஸ்டர் ரிவர்ஸ் எடுத்தார்.

ஹலோ மேசைக்குத் திரும்பியதும் டாக்டரம்மா நேராக அங்கே வந்தார். முகம் கழுவியிருந்தார். “அண்ணா, எல்லாரும் ஸ்பீக்கர்னு சொல்றாங்க. எனக்கு உண்மையைச் சொல்லுங்க. ஸ்பீக்கரா, நானா?”

ஹலோ அந்த முகத்தைப் பார்த்தார். “ஸ்பீக்கர்தான் டாக்டர். பழசாயிடுச்சு. நான்தான் மாத்தாம விட்டுட்டேன்.”

“இல்லை டாக்டர்,” என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி. “ஸ்பீக்கருக்கு ஒரு கேடும் இல்லை. நீங்கதான். சுருதியில நிக்கத் தெரியலை உங்களுக்கு.”

“ஏய்!” என்றார் ஹலோ.

டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிய பிறகு வருகிற பெருமூச்சு. “அப்போ நாலு வருஷமா எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களே அக்கா? நானும் ரெக்கார்டிங் கேட்டேனே? நல்லாத்தானே இருந்துச்சு?”

மனைவி மெதுவாகத் திரும்பி, மைக்குகளை ஏற்றி இறக்குகிற மிக்சர் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். ஹலோ மும்முரமாக வயர் சுருட்டினார்.

“நீங்க செவ்வாய்க்கிழமை வாங்க டாக்டர்,” என்றாள் அவள். “என் பக்கத்துல நில்லுங்க. உங்களால எவ்வளவு முடியுமோ பாடுங்க. மத்ததைப் பாத்துக்கலாம்.”

“சேர்த்துக்குவீங்களா?”

“தப்பாப் பாடினா இடிப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

டாக்டரம்மா போனதும் பெட்டிகளை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். ஹலோ சாவியைத் திருகினார். வண்டி கிளம்பியது.

“எத்தனை வருஷமா?” என்றாள்.

“என்ன எத்தனை வருஷமா?”

“என் தொண்டையைக் கழட்டி அவங்களுக்கு மாட்டினது.”

“முதல் வருஷமே. பாவமா இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ…”

“சொல்லியிருக்கணும்.”

“தப்புதான்.”

“சொல்லியிருக்கணும் மனுஷா! அந்த ரெண்டாவது வருஷம் எனக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கிட்டே பாடினேன். கோயில் பூரா கேக்குதுன்னு தெரிஞ்சிருந்தா வெந்நீராவது குடிச்சிட்டு வந்திருக்க மாட்டேனா?”

ஹலோ பக்கவாட்டில் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த வருடத்துப் பாட்டை முதல் வரியிலிருந்து, இந்த முறை சரியாக, பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.