சனிக்கிழமைக் கையெழுத்து

வக்கீலம்மாவின் அறை ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. படியேறி வந்த இரு பெண்களில் மூத்தவள், தன் வலது கையை ஒரு துணிப்பைக்குள் நுழைத்து மார்போடு அணைத்திருந்தாள். அப்பைக்குள் ஐந்து விரல்களும் உள்ளங்கையோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தன. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் உழைத்தவள் அவள். அவள் மடித்த விரிப்பில் நூலளவு பிசகும் இராது என்பதால், கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, கொதிக்கும் தேய்ப்பு உருளை விரிப்போடு சேர்த்து அவள் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

விரல்களை அறுவை செய்து விரிக்கலாம் என்றும், ஆண்டு திரும்புவதற்குள் செய்யாவிடில் அவை அப்படியே உறைந்துவிடும் என்றும் மருத்துவர் கூறியிருந்தார். நஷ்டஈடு கிடைத்தால் கை விரியும், கிடைக்காவிட்டால் விரியாது. வழக்கு என்பது அவளைப் பொறுத்தவரை அவ்வளவே.

உடன் வந்தவள் அவளுடைய நாத்தனார்; அதே உருளையின் மறுமுனையில் நின்று வேலை செய்பவள். அண்ணன் இறந்த பின், அண்ணியும் அவளுமாக இரு பிள்ளைகளையும் மாமியார்க் கிழவியையும் தாங்கி வந்தனர். இப்போது அக்குடும்பம் நாத்தனார் ஒருத்தியின் சம்பளத்தில் நொண்டிக்கொண்டிருந்தது.

“காயத்துக்கு நஷ்டஈடு கேக்கறதுல பல வகை இருக்கும்மா,” என்று தொடங்கினார் வக்கீலம்மா. “வண்டி மோதினா ஒண்ணு. கடையில ஈரத் தரையில வழுக்கி விழுந்தா ஒண்ணு. டாக்டர் தப்பாக் கத்தி வெச்சா இன்னொண்ணு. உங்களுது வேலை செய்யற இடத்துல பட்டது.”

“மேடம், எங்கம்மா வாயால பட்ட காயத்துக்கு ஏதாவது வகை இருக்கா?” என்றாள் நாத்தனார். “இருந்தா எங்கண்ணி எப்பவோ கோடீஸ்வரி ஆகியிருப்பாங்க.”

“சும்மா இருடி,” என்று மடிப்பக்கா அதட்டினாள். ஆயினும் பல மாதங்களுக்குப் பின் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“அடிபட்டுச்சுன்னு மட்டும் சொன்னா, ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துட்டுக் கையைக் கழுவிடுவாங்க. அதைத்தான் செஞ்சிருக்காங்க. மேல கேக்கணும்னா, அவங்க அஜாக்கிரதையாலதான் இப்படி ஆச்சுன்னு காட்டணும்.”

“அஜாக்கிரதைதான் மேடம். உருளைக்கு முன்னாடி ஒரு கம்பி இருக்கும். அதுல கை பட்டா உருளை நிக்கணும். எனக்கு அடிபடறதுக்கு முன்னாடி அஞ்சு மாசமா அது வேலை செய்யாமக் கிடந்துச்சு,” என்றாள் மடிப்பக்கா.

“ஆனா தினமும் காலையில அந்தக் கம்பியைச் சோதிச்சு, சரியா இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அந்தப் புதன்கிழமையும்தான். கம்பெனி நகல் அனுப்பியிருக்கு.”

மடிப்பக்கா தலைகுனிந்தாள். “திங்கக்கிழமையே வாரம் முழுக்கப் போட்டுடுவோம் மேடம். சூப்பர்வைசரே பேனாவை நீட்டுவாரு. அஞ்சு நிமிஷம் மெஷின் நின்னாலும் அவருக்கு உயிர் போயிடும்.”

“அதுக்கு என்ன அத்தாட்சி?”

அவள் சற்று யோசித்தாள். பிறகு அவள் குரல் திடீரென உயர்ந்தது. “சனிக்கிழமைக்கும் போட்டிருக்கேனே மேடம்! அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடந்தேன்!”

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படிப் போடுங்க! கட்டில்ல கிடந்தவ எப்படி வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தான்னு ஒரே கேள்விதான். தாள் மொத்தமும் பொய்யாயிடும். கீழ கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசரும் மாட்டுவாரு.” கோப்பைப் புரட்டி அந்த நகலை எடுத்தார். அவர் விரல் திங்கள், செவ்வாய், புதன் எனக் கீழிறங்கி, அங்கேயே நின்றது.

வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று கட்டங்களிலும் ‘விடுப்பு’ என்று எழுதியிருந்தது.

“இல்லை மேடம், நான் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அந்நேரம் தொலைபேசி ஒலிக்கவே, வக்கீலம்மா அதை எடுத்துக்கொண்டு வெளியே சென்றார். மடிப்பக்கா நகலை இடக்கையால் தன் பக்கம் இழுத்தாள். சூடான இயந்திரத்தின் மூடிமேல் தாளை வைத்து, நின்றவாறே அவசரமாகப் போடும் தன் கையெழுத்து, ஒருநாளும் கட்டத்துக்குள் அடங்கியதில்லை. இங்கோ மூன்றும் கட்டத்துக்குள் அழகாக அமர்ந்திருந்தன.

“அண்ணி,” என்றாள் நாத்தனார். அக்குரலில் கேலி மருந்துக்கும் இல்லை. “அது நான் போட்டது.”

“நீயா?”

“உங்களுக்கு அடிபட்ட அன்னிக்குச் சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டாரு. உங்கண்ணி வாரம் முழுக்க முன்கூட்டியே போட்டு வெச்சிருக்கா, வெளிய தெரிஞ்சா அவதான் ஜெயிலுக்குப் போவா, புதுத்தாள் எழுதிடுன்னாரு. நீங்க அங்க கண்ணே தொறக்கல. போலீஸ் வேற வந்துடுமோன்னு…”

“பழைய தாளு?”

“பாய்லர்ல போட்டுட்டேன்.”

மடிப்பக்கா அந்தக் கட்டங்களை மறுபடி பார்த்தாள். “என்னைவிட நல்லாத்தான் போட்டிருக்க,” என்றாள்.

வக்கீலம்மா திரும்பி வந்து அமர்ந்தார். இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது உங்க கையெழுத்துதானா? இல்லைன்னா, வேற யாரோ போட்டிருக்காங்க. ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சுடலாம். போட்டவங்க மேல கேஸ் வரும், வேலையும் போகும். ஆனா உங்க வழக்கு பிழைச்சுக்கும்.”

நாத்தனார் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையையே பார்த்தாள். அவ்வீட்டில் மிச்சமிருந்த இரண்டு நல்ல கைகள் அவை. மடிப்பக்கா பைக்குள் இருந்த விரல்களை ஒருமுறை விரிக்க முயன்றாள். அவை அசையவில்லை.

“என்னோடதுதான் மேடம்.”

“நிச்சயமா?”

“நான்தான் போட்டேன். சனிக்கிழமை விஷயம் எனக்குத்தான் ஏதோ ஞாபகப் பிசகு.”

“அப்ப இந்த வழக்கு நிக்காதும்மா,” என்று வக்கீலம்மா கோப்பை மூடினார். காகிதங்களைத் திரும்பப் பெற்றதற்கு ஒப்பம் வேண்டுமென்று ஒரு சீட்டையும் பேனாவையும் நீட்டினார். பிறகு தம் தவற்றை உணர்ந்து, பேனாவை விலக்கி மைப்பெட்டியை நகர்த்தினார். மடிப்பக்கா இடது கட்டைவிரலை ஊன்றி எடுத்தாள்.

படியிறங்கும்போது நாத்தனாரின் அழுகை உடைந்தது. “ஏதாவது திட்டுங்க அண்ணி. ஒரு வார்த்தையாவது திட்டுங்க.”

“கண்ணைத் துடைச்சுட்டு, படியைப் பார்த்து இறங்கு,” என்றாள் மடிப்பக்கா. “நீயும் விழுந்து வெச்சா வீட்டுல யாருடி இருக்கா?”