அட்டைப்பெட்டி ஏறிய தோணி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். பலகைப் பஞ்சம் இன்னும் தீரவில்லை. கொழும்பில் ஒரு சோப்புக் கம்பெனி மரப்பெட்டியை விட்டு அட்டைப்பெட்டிக்கு மாறியது. மடித்துத் தட்டையாகக் கட்டிய பெட்டிகள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கின. அவற்றைத் தோணியில் ஏற்றி அனுப்பும் வேலை காசிலிங்கம் அண்ணாச்சியின் ஆபீஸுக்குக் கிடைத்தது.

அங்கே டைப் அடித்தவள் கிளாடிஸ், நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கண் டைப்ரைட்டரைவிட ஜன்னலுக்கு வெளியே கடலில்தான் அதிகம் இருந்தது.

முதல் ஏற்றே கோணலாகப் போனது. மரத்தட்டில் கட்டுகளை அடுக்கி, நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கிரேன் தூக்கியதும், அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே கடலுக்குள் சரிந்தது. பக்கத்து வள்ளத்தில் இருந்த, சங்கும் முத்தும் எடுக்க மூழ்கும் சங்குக்குளிகள் குதித்து, மிதந்த கட்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

“எங்க வாழ்நாள்ல மூச்சுப் பிடிக்காம எடுத்த முத்து இதுதான்!” என்று ஒருவன் கத்த, துறையே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

தோணியை நடத்தும் தண்டல் கஸ்பார் பர்னாந்து கையை விரித்துவிட்டார். கடலில் நரைத்த மனுஷர், தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“அண்ணாச்சி, இது சரக்கா, காத்தா? வயித்துல பாரம் இல்லைன்னா தோணி நிமிந்து நிக்காது. நடுக்கடல்ல ஒரு காத்து அடிச்சா கவுந்துரும்.”

“அடியில உப்பு போட்டுக்கிடுவோம்” என்றார் அண்ணாச்சி.

ஏற்றைப் பார்க்க வந்து நின்ற கிளாடிஸ் வாய் திறந்தாள். “உப்பு ஈரத்த இழுக்கும், அண்ணாச்சி. அட்டை நமத்துப் போகும்.”

“அப்போ கருவாடு?”

“சோப்புல கருவாடு மணக்குமே!”

தண்டலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தங்கச்சி சொல்லுதது சரிதான். வேற என்ன இருக்கு?”

கிளாடிஸுக்குக் கூரை ஓட்டுக்கடை சந்தனமாரி அக்காள் ஞாபகம் வந்தது. புருஷன் போன பிறகு கடையைத் தனியாக நடத்துகிறவள். கொழும்புக்குப் போகவேண்டிய அவள் ஓடுகள் துறையில் கிடந்தன. தோணி ஆடும்போது ஓடு நகர்ந்து உடையும் என்று எந்தத் தண்டலும் ஏற்றவில்லை.

“தண்டலண்ணே, அடியில வைக்கோல் விரிச்சு ஓட்ட அடுக்குவோம். அதுக்கு மேல பலகை, பலகைக்கு மேல அட்டை. மேல்தட்டு வரைக்கும் இறுக்கமா அடைச்சுட்டா ஓடு எங்கன நகரும்?”

தண்டல் தாடியைச் சொறிந்தார். “ஓட்டுக்குத் துணை அட்டை, அட்டைக்குத் துணை ஓடு. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒங்க அடுக்குதான் சரியுதே?”

கிளாடிஸ் ஒரு கட்டைப் புரட்டிப் பார்த்தாள். பெட்டியின் ஒரு ஓரம் கம்பி அடித்து மூட்டிய ஓரம். அந்தப் பக்கம் மட்டும் தடிப்பு. எல்லாக் கட்டும் ஒரே பக்கம் பார்த்து இருந்ததால்தான் அடுக்கு சாய்ந்திருக்கிறது. ஏற்றுக்காரப் பெண்களோடு சேர்ந்து அவளும் சேலையை இழுத்துச் செருகினாள். ஒரு கட்டைத் தடிப்பு உள்ளே, அடுத்ததைத் தடிப்பு வெளியே. ஒரு வரிசையை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்கே. கயிறு அட்டையை அறுக்காமல் இருக்க மூலைகளில் ஓலைப்பாய்த் துண்டு வைத்தார்கள்.

அடுக்கு நேராக நின்றது. ஆனாலும் தண்டல் நம்பவில்லை.

“சரியாதுன்னா நீயே மேல ஏறி நில்லு, பாப்போம்.”

விளையாட்டாகச் சொன்னார். கிளாடிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்கின் மேல் ஏறினாள்.

“ஏளா கிளாடிஸ், எறங்கு! ஒங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” அண்ணாச்சி அலறுவதற்குள் கிரேன்காரன் தூக்கிவிட்டான்.

கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். தட்டு மேலே போகப்போக அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. ஒரு பக்கம் மாதா கோயில் கோபுரம், ஒரு பக்கம் முயல்தீவு, நடுவே பாய் விரித்த தோணிகள். இவ்வளவு நாளாக ஜன்னல் அளவுக்கே தெரிந்த கடல் இப்போது நாலு திசைக்கும் விரிந்து கிடந்தது. காலடியில் அடுக்கு அசையவில்லை. கீழே பெண்கள் குலவையிட்டார்கள்.

தோணிக்குள் இறங்கியவளுக்குத் தண்டலே கை கொடுத்தார். “ஏத்துங்க தாயீ. நான் கொண்டுபோறேன்.”

செய்தி கேட்டுச் சந்தனமாரி அக்காள் ஓடி வந்து, துறையில் கிடந்த ஓடுகளை முதலில் அடியில் அடுக்க வைத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் தோணி நிறைந்தது. மறுநாள் காலைக் காற்றில் பாய் விரித்தார்கள்.

திரும்பி வந்தபோது, தோணி துறையைத் தொடுமுன்பே கஸ்பார் கத்தினார். “ஒரு ஓடு உடையல! ஒரு அட்டை நமத்துப் போகல! இன்னும் வேணும்ங்கான் கம்பெனிக்காரன்!”

அண்ணாச்சி கிளாடிஸைக் கூப்பிட்டார். “டைப்படிக்க வேற ஆளு பாத்துக்கிடுதேன். நாளையிலருந்து நீ துறையில நின்னு ஏத்துத வேலையப் பாரு. சம்மதமா?”

“சம்மதம் அண்ணாச்சி. ஆனா அங்கன வெயிலு மண்டையப் பொளக்குது. ஒரு குடை வாங்கித் தாங்க.”

அண்ணாச்சி அப்போதே கடைக்கு ஆள் அனுப்பினார்.